சொல்லாமல் விட்டதைப் பிடிப்பவர்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. இவர்களுக்கு நாம் சொல்வது காதில் விழாது. சொல்லாமல் விட்டதுதான் விழும். "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோங்க" என்று சொல்லிப் பாருங்கள். குடையை எடுக்கமாட்டார்கள். "வரப்போகும் மழை, குடை தாங்கும் மழைதான் என்று நீயாக அனுமானம் செய்துகொண்டாய், கவனித்தாயா?" என்பார்கள். நனைந்து திரும்பி வருவார்கள். தும்முவார்கள். தும்மலுக்கு நடுவிலும் தாங்கள் கேட்ட கேள்வி சரிதான் என்பார்கள்.

இந்த இனத்தின் மிகத் தேர்ந்த உருப்படி ஒருவரை எனக்குத் தெரியும். வேலைக்கான போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தர்க்கப் பாடம் நடத்துகிறார். நாற்காலி, மேசை விற்கும் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. கீழேயிருந்து வார்னிஷ் வாசனை ஏறி வரும்; பாதிப் பேர் தலைவலியோடுதான் தர்க்கம் படிப்பார்கள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அனுமானம் சார். அது கேலிப் பெயர் என்று அவருக்குத் தெரியாது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தொழிலில் ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். பலகையில் ஒரு வரி எழுதுவார்: 'பூங்காவில் விளக்குப் போட்டால் மக்கள் மாலையில் நடக்க வருவார்கள்.' திரும்பி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இதைச் சொன்னவர் எதைச் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கிறார்?" என்பார்.

"எல்லாருக்கும் நடக்கப் பிடிக்கும்னு சார்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஒரு நாள்.

"எல்லாருக்கும் எதுக்கும்மா பிடிக்கணும்? கொஞ்சம் பேர் வந்தாப் போதாதா? 'எல்லாரும்', 'எப்போதும்', 'மட்டுமே' இதெல்லாம் நம்மளைக் கவுக்கறதுக்குன்னே போடற விடை. வேற?"

"இப்ப அவங்க வராததுக்குக் காரணம் இருட்டுதான்னு."

"அப்படிப் போடு! சரியான்னு எப்படிப் பார்ப்பே?"

"தெரியல சார்."

"மறுத்துப் பாரு. இருட்டு காரணமே இல்லைன்னு வச்சுக்கோ. நாய்க்குப் பயந்துதான் வரலை. அப்ப விளக்குப் போட்டு என்ன ஆகப்போகுது? வெளிச்சத்துல நாய்தான் நடக்கும். மறுத்ததும் வாதம் பொலபொலன்னு சரியுதா? அதுதான் அனுமானம். சரியலையா, அது வெறும் கூட்டத்தில் கோவிந்தா!"

வகுப்பு சிரித்தது. எழுதிக்கொண்டது. இத்தோடு அவர் பலகையைத் துடைத்துவிட்டு, கையிலுள்ள சாக்பீஸ் தூளையும் தட்டிவிட்டு மனிதராக வீட்டுக்குப் போயிருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லை. ஆனால் இந்த இனத்தில் யாராவது தொழிலைத் தொழிற்கூடத்தில் விட்டுவிட்டுப் போனதுண்டா?

முடிவெட்டுகிறவர், "வழக்கம் போலத்தானே சார்?" என்றார். "என் தலை போன தடவை இருந்த மாதிரியே இருக்குன்னு ஒரு அனுமானம் வச்சிருக்கீங்க" என்றார் இவர். முடிவெட்டுகிறவர் உச்சந்தலையை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "ஆமா சார், இல்லதான்" என்று ஒப்புக்கொண்டார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், "இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படி ஆயிடுச்சே" என்று அழுத தம்பியிடம், நல்லவர்களுக்கு இப்படி ஆகாது என்ற அனுமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அன்றைக்கு அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டவர்கள் மரியாதைக்காக வரவில்லை.

வீட்டில் மனைவியும், கல்லூரிக்குப் போகிற மகளும். மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் நன்றாக எதிர்த்துப் பேசுவாளாம். இப்போதெல்லாம் இல்லை. இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வாதத்தைப் பிரித்து, ஓட்டையைக் காட்டி, மறுத்துப் பார்த்து, முடிவைச் சொல்லி நிமிர்வார். அவள் லேசாகச் சிரித்துத் தலையாட்டுவாள். இவருக்கு அந்தத் தலையாட்டலில் இருந்த சுகம் சாப்பாட்டில்கூட இருக்கவில்லை. வகுப்பிலேயே சொல்லிக்கொள்வார்: "எங்க வீட்டுல எதிர்வாதமே கிடையாது. ஏன்? வாதம் அப்படி!"

ஒரு மாலை, அடுப்பில் குக்கர் கூவிக் கூவி அடிப்பிடித்துப் போயிற்று. மனைவி அதே அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். புகையைப் பார்த்துத்தான் திரும்பினாள். "நான் வந்து அணைப்பேன்னு அனுமானம் பண்ணிட்டே" என்றார் இவர். டி.வி.யின் சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. "பக்கத்து வீட்டுக்காரங்களும் இதே தொடரைப் பார்க்க ஆசைப்படறாங்கன்னு உனக்கு அனுமானம்" என்றார். வாசல் மணி அடித்து அடித்து, கூரியர்காரர் பொட்டலத்தோடு திரும்பிப் போனார். வருகிறவர்கள் காத்திருப்பார்கள் என்ற அனுமானமாம்.

மகள் ஒரு நாள், "அப்பா, அம்மாகிட்ட முன்னாடி வந்து நின்னு பேசுங்களேன். பின்னாடி இருந்து பேசினா பதிலே வரமாட்டேங்குது" என்றாள்.

"முன்னாடி நின்னு பேசினாத்தான் மரியாதைன்னு ஒரு அனுமானம் உனக்கு."

"மரியாதையைப் பத்தி யாருப்பா பேசினா?" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

உங்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். புரியாதிருக்க நீங்கள் தர்க்கம் படித்தவராக இருக்கவேண்டும். நம்முடைய சாருக்கு மருந்துக்கடை முதலாளியின் தொலைபேசி வந்தபோதுதான் புரிந்தது.

"சார், அம்மாவைக் கொஞ்ச நாள் வீட்டுல ஓய்வா இருக்கச் சொல்லுங்க. நான் நேர்ல சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"குழந்தைக்குக் காய்ச்சல் மருந்துன்னு ஒருத்தர் வாயால கேட்டிருக்கார். இவங்க வேற எதையோ எடுத்துக் குடுத்துட்டாங்க. நல்லவேளை, குழந்தையோட அம்மா வீட்டுல பேரைப் பார்த்துட்டுத் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல."

"வாடிக்கையாளர் தெளிவாத்தான் கேட்டார்னு நீங்களா ஒரு அனுமானம்…"

"சார்." முதலாளியின் குரல் இறங்கியது. "அவங்களுக்குக் காது சரியா கேக்கல சார். ரொம்ப நாளாவே. ஆளுங்க வாயைப் பார்த்துப் பார்த்துச் சமாளிச்சுட்டு இருக்காங்க. முகமூடி போட்டுட்டு வந்தவர்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. வீட்டுல உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்?"

தொலைபேசியை வைத்தார்.

அடுக்களை வாசலில் போய் நின்றார். மனைவி முதுகைக் காட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கூப்பிட்டார். இல்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. அவளுடைய பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டே எவ்வளவோ காலமாகியிருந்தது. அப்படியும் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கையில் இருந்தது ஒரே ஒரு கருவி. அதைத் தன் மேலேயே போட்டுப் பார்த்தார். 'நான் சொன்னதையெல்லாம் இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.' மறுத்துப் பார். கேட்கவில்லை. அப்படியானால்? சாப்பாட்டு மேசையில் ஜெயித்த அத்தனை ஜெயமும் வரிசையாகச் சரிந்தது. தலையாட்டல் சரிந்தது. சிரிப்பு சரிந்தது. குக்கர், டி.வி., கூரியர்காரர், ஒவ்வொன்றிலும் கண் முன்னால் இருந்த சரியான விடையை விட்டுவிட்டுத் தப்பான விடையைத் தேடிப் பிடித்து வட்டம் போட்டிருந்தார். அவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் தூங்குகிற பையன்கூட இவ்வளவு மோசமாகத் தேர்வு எழுதியதில்லை.

காது டாக்டரிடம் மூன்று பேரும் போனார்கள். "எந்தக் காது மோசம்? வீட்டுல பேசும்போது எந்தப் பக்கம் திரும்புவாங்க?" என்று டாக்டர் கேட்டது இவரைத்தான். இவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "இடது. வலதுலயும் இப்போ கொஞ்சம்" என்றாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். வெளியே இருந்த பெண் சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். உள்ளே அவள் விரலைப் பொத்தான் மேல் வைத்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி, கவனமாக, அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்த் தானே அந்தப் பொத்தானை அழுத்திவிடலாமா என்றிருந்தது இவருக்கு.

வெளியே வந்ததும் அவள் முன்னால் போய் நின்றார். வாயை நன்றாக அசைத்து, "ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"முதல்ல ஒரு தடவை சொன்னேங்க. காது மந்தமா இருக்குன்னு. அதுக்கு நீங்க, உலகம் சத்தமாத்தான் இருக்கணும்னு எனக்கு ஒரு அனுமானம்னு சொன்னீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். "அதுக்கப்புறம் சொல்லத் தெம்பில்ல. வேலை போயிடுமோன்னு வேற பயம்."

அவருக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. ஆனால் அது தன்னுடைய வாக்கியம்தான் என்பதில் சந்தேகமும் இல்லை.

காதுக்கு மெஷின் வந்தது. கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். மாட்டிக்கொண்ட முதல் நாள் மின்விசிறிச் சத்தத்துக்கே திடுக்கிட்டாள். மகள் தாளைக் கசக்கியதைக் கேட்டுச் சிரித்தாள். மருந்துக்கடை முதலாளி, டாக்டர் கொடுத்த சான்றைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே வரச்சொல்லிவிட்டார். அவள் இல்லாமல் அங்கே யாருக்கும் டாக்டர்களின் கையெழுத்து பிடிபடவில்லை.

சார் சில நாள் அடக்கமாக இருந்தார். எத்தனை நாள்தான் இருப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது மகள், "வெயில் ஜாஸ்தி, ஜன்னலைச் சாத்தலாம்" என்று சொல்லித் தொலைத்தாள். இவருக்குள் ஏதோ அறுந்தது. வெயில் ஜன்னல் வழியாக மட்டுமே வருகிறதா, சாத்தினால் புழுக்கம் வராதா, சாத்துவதற்கும் குளிர்ச்சிக்கும் நடுவில் சொல்லாமல் விட்டது எது என்று ஆரம்பித்து, பிரித்து, மறுத்து, சரித்து, முடிவு சொல்லி நிமிர்ந்தார். பழக்க தோஷத்தில் மனைவியைப் பார்த்தார்.

அவள் தலையாட்டவில்லை. சோற்றில் கைவைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையா இவ்வளவு நாளாப் பேசிட்டு இருந்தீங்க?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. நீங்க பாட்டுக்கு மென்னுக்கிட்டே பேசுவீங்க, உதட்டைப் பார்த்தும் எனக்கு ஒண்ணும் புரியாது. என்னமோ பெரிய விஷயமெல்லாம் தவறிப்போகுதேன்னு எவ்வளவு வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா?"

மகளுக்குப் புரையேறியது. சாரின் முகம் போன போக்கைப் பார்த்து மனைவியே தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். குடித்தார். பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார்: "சரி, நீ சொல்லு. கடையில என்ன விஷயம்?" என்றார். அவள் சொன்னாள். முதலாளி புதிதாக வைத்த கணினி, அது மருந்துகளின் பெயரை மாற்றி மாற்றிக் காட்டுவது, பயந்து பயந்து திரும்பிப் போன முதல் நாள், தப்பான மருந்தைத் திருப்பிக் கொண்டுவந்த அந்தத் தாயே மறுபடி வந்து அவளிடம்தான் மருந்து கேட்டது. நடுவில் மூன்று நாலு தடவை சாரின் வாய் திறந்தது. திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்துக்குப் பூரண குணம் கிடையாது. அடுத்த வாரமே வகுப்பில், "ஒரு முட்டாள் புருஷன் இருந்தான். அவன் பேசும்போதெல்லாம் பெண்டாட்டி தலையாட்டினாள். அதனால் தன் வாதத்தை அவள் ஒப்புக்கொண்டாள் என்று அவன் முடிவுகட்டினான். அனுமானம் எது?" என்று பலகையில் எழுதிக் கேட்டார். முன்வரிசைப் பெண் பட்டென்று சொல்லிவிட்டாள். வகுப்பே அந்த முட்டாளை நினைத்துச் சிரித்தது. சாரும் சிரித்தார், எல்லாரையும்விடக் கொஞ்சம் தாமதமாக.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மாமனாரோ, மேலதிகாரியோ, எதிர் வீட்டுக்காரரோ. 'அப்படியே அவர்தான்' என்று தொடையில் தட்டிக்கொண்டு, இதை அவருக்கு அனுப்பிவைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால், இதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது யார், கொடுக்கும்போது ஏன் அப்படிச் சிரித்தார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.