இரைப்பைத் தீர்மானம்

உலகம் இன்னும் அழியாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு எங்கள் சபையின் ‘படைப்பைக் காக்கும் உணவுக் குழு’தான் காரணம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். செயலாளர் அடியேன்.

எங்கள் ஊரான விஹிகாவின் மலைச்சரிவில் நாற்பது வீடுகள். பாஸ்டர் உட்பட நாங்கள் ஆறு பேர் வீடு வீடாகப் போய், ‘இறைச்சியைக் குறைப்போம், எதையும் வீணாக்கோம், ஆண்டவரின் பூமியைக் காப்போம்’ என்று போதித்தோம். இதில் ஒரு சின்ன நடைமுறை உண்டு. எங்கள் பக்கத்தில் பாஸ்டர் படியேறினால் கோழி அடித்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டின் மானம் கப்பலேறிவிடும். ஆகவே இறைச்சியைக் குறைக்கச் சொல்லி முப்பத்தொன்பது வீடுகளில் முப்பத்தொன்பது கோழிகளை உண்டோம். எங்கள் தியாகம் யாருக்குத் தெரியப்போகிறது! எனக்கு இடுப்புவாரில் இரண்டு புதுத் துளை போட வேண்டியதாயிற்று.

நாற்பதாவது வீடு, கணவனை இழந்த ககேஹா அக்காவுடையது. மக்காச்சோளக் களியும் கீரையுமே அவளுடைய சாப்பாடு. அதற்காகவே ‘முன்மாதிரி இல்லம்’ என்ற பலகையோடு போனோம்.

“ஒண்ணும் வேண்டாம்மா” என்று சொல்லிக்கொண்டே பாஸ்டர் அகூஃபா கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

அக்கா சட்டியை இறக்கினாள். “பயறுக் குழம்பு, பாஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே.”

“ஸ்தோத்திரம்! ஆனா இரைப்பை எங்கம்மா?”

“பயறுக்கு ஏது ஐயா இரைப்பை?”

சபை அதிர்ந்தது. எங்கள் வழக்கப்படி கோழியின் இரைப்பை தலைமை விருந்தாளிக்கே உரியது. “அது தட்டுல இல்லேன்னா யாரு தலைவர்னு எப்படித் தெரியும்? நான்கூட இருக்கலாமே!” என்றார் துணைத் தலைவர் முடாக்கி. பாஸ்டரின் முகம் கறுத்தது.

வெண்ணெய்ப்பழ மரத்தடியில் அவசரக் கூட்டம் கூடியது. கோழியை உண்பதில்லை, இரைப்பையை மட்டும் உண்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அக்கா அடைக்கோழி இருந்த கூடையை மறித்துக்கொண்டு நின்றாள். “ஐயா, இருக்கிறது இது ஒண்ணுதான். அடையில உட்கார்ந்து ரெண்டு நாள்தான் ஆச்சு. பதினோரு முட்டை. இது பொரிச்சுக் குஞ்சு வளர்ந்தாத்தான் என் பேரப்பிள்ளைங்க முட்டையைக் கண்ணால பாக்கும். விட்டுடுங்கய்யா!”

“விசுவாசம் வேணும்மா” என்றார் பாஸ்டர்.

“விசுவாசம் இருக்கு ஐயா. கோழிதான் ஒண்ணே ஒண்ணு.”

“பாஸ்டருக்கே இல்லைன்னு அனுப்பினா ஊர் என்ன சொல்லும்?” என்றார் முடாக்கி. அவள் மெல்ல விலகினாள்.

பாஸ்டர் இரைப்பையை உண்டார். மீதிக் கோழியை வீணாக்கலாமா? உண்டோம். தாயில்லாத முட்டைகள் வீணாகுமே! அவித்து, ஆளுக்கொன்று உண்டு, மீந்த ஐந்தைப் பாஸ்டரம்மாவுக்குப் பொட்டலம் கட்டினோம். பயறுக் குழம்பை அக்காவுக்கே விட்டுக்கொடுத்தோம்.

பலகையைக் காலிக் கூடைக்கு மேலே சுவரில் அடித்துவிட்டு, “ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லும்மா” என்றார் பாஸ்டர்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் பக்கம் கீரியும் வரும் ஐயா. நான் கல்லால அடிப்பேன், ஓடிடும். அது ஜெபம் பண்ணிட்டுத் தின்னாது, தின்னுட்டுப் பலகையும் அடிக்காது.”

மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன்: நாற்பது வீடுகளிலும் இறைச்சி உண்பது அறவே நின்றுவிட்டது. அக்காவின் சாட்சியை ‘வனவிலங்குகளைப் பற்றிய விழிப்புணர்வு’ என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறேன். அடுத்த வாரம் பக்கத்துச் சரிவைக் காக்கப் போகிறோம். அங்கே கோழிகளை இப்போதே ஒளித்துவைக்கிறார்களாம்; கீரித் தொல்லை போலிருக்கிறது.