இடப்பக்க வலி

மூக்குக்கண்ணாடியை வாடிக்கையாளருக்கு மாட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு இடது கை மேலே எழவில்லை. தோளிலிருந்து இடுப்பு வரை துணி பிழிவதுபோல வலி. கடைசியில் வாடிக்கையாளரே குனிந்து, கை எட்டும் உயரத்துக்குத் தலையைக் கொண்டுவந்தார். தெருவில் போனவர்களுக்கு அவர் மன்னிப்புக் கேட்பதுபோலத் தெரிந்திருக்கும்.

கை எழவில்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் பகல் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். அதுதான் அவருக்குப் பயம். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் ஆசிரியையான மகளும் மட்டும்தான்.

மகள் நிறையப் படித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் உடம்புல வீக்கத்தைக் கிளப்பும்பா. வலி அதனாலதான். இன்னியோட நிறுத்துங்க."

நிறுத்தினார். காப்பியும் நின்றது. வலி நிற்கவில்லை, துணைக்குத் தலைவலியும் வந்து சேர்ந்தது. அந்தத் தலைவலியோடு ஒரு அம்மாளுக்கு இடக்கண் வில்லையை வலப்பக்கமும் வலக்கண் வில்லையை இடப்பக்கமும் பொருத்திக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் கடை வாசலில் இல்லாத படியில் கால் வைத்து, விழாமல் தப்பித்தாள்.

வீட்டுச் சாப்பாடு வேகவைத்த காய் மட்டும் என்றானது. உப்பு அதை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. பசி பொறுக்காமல், கடையில் கண்ணாடிக் கூடுகளுக்கு நடுவே இனிப்பு பிஸ்கட்டை ஒளித்து வைத்தார். எறும்புகளுக்கு அவரைவிட மோப்பம் அதிகம். ஒரு வங்கி அதிகாரி புதுக் கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்து மாட்டியதும், அவர் மூக்கு வழியாக எறும்புகள் இறங்கத் தொடங்கின.

சேதி சாயங்காலமே மகளுக்குப் போய்விட்டது. அவள் திட்டவில்லை. அம்மா இருந்திருந்தால் இப்படிச் செய்வீர்களா என்று மட்டும் கேட்டாள். அவர் தட்டிலிருந்த காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்த அவருடைய அக்காவோ சாப்பாட்டில் குற்றமே இல்லை என்றாள்.

"உட்கார்ந்து உட்கார்ந்தே இறுகிப்போயிட்டே தம்பி. எழுந்து நட."

கடையிலிருந்து நாற்காலியை அப்புறப்படுத்தினார். அவர் கடையைக் காலி செய்கிறார் என்று பேச்சுக் கிளம்பி, பழுதுபார்க்கக் கொடுத்தவர்களெல்லாம் கண்ணாடியைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். காலையில் நடந்தார். புதுச் செருப்பு வலது குதிகாலைக் கடித்தது. அந்தக் காலுக்குப் பயந்து பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டு நடந்ததில், இடுப்பு இன்னும் மோசமானது.

மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பாராட்டினார். சர்க்கரை இறங்கியிருந்தது. எடை குறைந்திருந்தது. மாடிப்படியில் பிடித்துக்கொண்டிருந்த முழங்கால் வலிகூடப் போயிருந்தது. இதே சாப்பாடு, இதே நடை, விட்டுவிடாதீர்கள் என்றார்.

"இந்தப் பக்கத்து வலி?"

"அதுதான் எனக்கும் புரியல."

நல்ல ஆரோக்கியத்துடன், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

இனிச் சந்தேகப்பட மெத்தை ஒன்றுதான் பாக்கி என்றாள் மகள். பஞ்சு கெட்டுப்போயிருக்கும், பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று விடுமுறை நாளில் ஒரு மெத்தை தைப்பவரை அழைத்து வந்தாள். அவர் அந்த வீட்டுக்குப் புதியவர். கட்டிலிலிருந்த பெரிய மெத்தையின் விரிப்பை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். இடது ஓரத்தில், விழுந்துவிடுகிற விளிம்பில், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது. மற்ற இடமெல்லாம் நேற்றுத் தைத்ததுபோல மேடாக இருந்தது.

விரிப்பை மடித்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெத்தைக்காரர் சிரித்தார்.

"பஞ்சுல ஒரு குறையும் இல்லைங்க. வீட்டம்மாவைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு இடமே விட மாட்டேங்கிறாங்க."