ஓரடிப் பாதையும் என் சாரமும்

சட்டம் படிக்காதவன்தான் சட்டம் அதிகம் பேசுவான். என்னை வைத்தே நான் கண்டுபிடித்த உண்மை இது. எண்பத்துநாலில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் ஒருதரம் கோட்டை விட்டிருந்தேன் (மறுதரம் விட இன்னும் ஆறு மாதம் இருந்தது).

கரம்பொனில் எங்களுடையது ஆறு குடும்பத்துப் பங்குக் கிணறு. அதைப் பராமரிக்க ஒரு சபை, அதற்குச் செயலாளராக ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர். யாரோ கிணற்றடியில் மாடு குளிப்பாட்டினார்கள் என்று அவர் கிணற்றுக்குப் போகும் ஒழுங்கையின் படலைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். காலையும் மாலையும் ஒவ்வொரு மணித்தியாலம் திறப்பார். மற்ற நேரத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் திறப்புக்கு, அதாவது சாவிக்கு, அவர் வாசலில் போய் நிற்க வேண்டும்.

எனக்கு இரத்தம் கொதித்தது. நாலு பக்கத்தில் கடிதம் எழுதினேன். பங்காளியின் பாதையை மறிக்கச் சபைக்கு உரிமையில்லை. ஒழுங்கையில் அவரவர் பங்கை அவரவருக்குப் பிரித்துத் தர வேண்டும். ஒருவர் வேலியை மற்றவர் எழுத்துமூலச் சம்மதமின்றித் தொடக்கூடாது. மீறினால் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் சந்திப்போம்! மாஸ்டர் வாசித்துவிட்டு, "ஓம், நியாயந்தான்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒழுங்கையின் அகலம் ஆறடி. பங்காளிகளும் ஆறு. ஆளுக்கு ஓரடி என்று மாஸ்டர் அளந்து கொடுத்துவிட்டார். வேறு ஊரென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கோ எல்லை என்று ஒன்று கிடைத்தால் வேலி போடாமல் நித்திரை வராது. ஒரே கிழமையில் கருக்குமட்டை வேலிகள் எழும்பிவிட்டன (பனைமட்டையின் இரண்டு ஓரமும் வாள்பல்லு). நடுவில் எங்களுக்கு ஓரடி.

அடுத்த ஞாயிறு அக்காவைப் பெண் பார்க்க அனலைதீவிலிருந்து வந்துவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப் போனதில் அம்மா பதறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, குசினியிலை சொட்டுத் தண்ணியில்லை. தேத்தண்ணி என்னெண்டு வைக்கிறது? ஓடு!"

நல்லகாலம், படலை திறந்திருக்கும் மாலை நேரம்; போகும்போது பக்கவாட்டில் ஒருமாதிரிப் போய்விட்டேன். திரும்பும்போது முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக நிறை வாளிகள். பாதிவழியில் இரண்டு பக்கக் கருக்கும் நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கவ்விக்கொண்டன.

"மாஸ்டர்! இந்த மட்டையை ஒருக்காக் கழட்டிவிடுங்கோ!"

படலையடிக்கு வந்து நிதானமாகப் பார்த்தார். "ஏலாது தம்பி. எழுத்துமூலச் சம்மதம் வேணும். நீர்தானே எழுதினனீர்?"

சத்தம் கேட்டு வந்தவர்களில் மாப்பிள்ளையும் ஒருவர். "ஆர் இவர்?"

"பொம்பிளையின்ரை தம்பி," என்றார் மாஸ்டர். "எங்கடை சட்டத்தரணி."

இந்தச் சம்பந்தமும் என்னால் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளை தன் சால்வையை நீட்டினார். "முதல்லை வாளியளைத் தாரும், தேத்தண்ணி பிந்துது. பிறகு சாரத்தை விட்டிட்டு வாரும்."

விட்டுவிட்டு வந்தேன். தேநீர் குடித்தார்கள், சம்மதமும் சொன்னார்கள். வேலிகள் மறுநாளே விறகாகின. பூட்டு மட்டும் மாறவில்லை. திறப்புக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றவன் நான்தான்.

"அக்காவைப் பாக்கப் போனனான். ஆனால் தம்பியைத்தான் வடிவாப் பாத்தன்," என்று அத்தான் இன்றைக்கும் எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்லுவார்.

இப்போது கொழும்பில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். போன மாதம் நிர்வாகம் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டது. கண்டனக் கடிதத்தை நான்தான் எழுத வேண்டும் என்று மற்ற வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். அத்தானுக்குப் போன் எடுத்து யோசனை கேட்டேன்.

"தாராளமா எழுதும்," என்றார். "ஆனால் சாரத்தோடை இருந்து எழுதாதையும். காற்சட்டை போட்டுக்கொண்டு எழுதும்."