கட்டிங் சாரின் கடவாய்ப் பல்

பிள்ளை வேண்டும் என்று திருமலையில் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. வேலை வேண்டும், வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்களும் உண்டு. ‘மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒழுங்காகப் பொருந்த வேண்டும், பெருமாளே’ என்று வேண்டிக்கொண்டவர், மலை உண்டான நாளிலிருந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர்.

ஆந்திர எல்லையில், நகரி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே கணக்கு வாத்தியார். டிரில் மாஸ்டருக்குப் பையன்கள் வைத்த பெயர் கட்டிங் சார். ஒருவன் முடி காதைத் தொட்டுவிட்டால் போதும், பிரேயர் முடிவதற்குள் அந்தக் காதையே பிடித்து இழுத்துப்போய் எதிரே உள்ள சலூனில் உட்கார வைத்துவிடுவார். அவர் தலையும் ஒட்ட வெட்டிய தலைதான். "தல சுத்தமா இருந்தாதான் புத்தி சுத்தமா இருக்கும்" என்பது அவருடைய வேதம்.

அந்த மனிதருக்குத் தன் பல்லின் மேல் அப்படி ஒரு கர்வம். விளையாட்டு விழா அன்று சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டுவார். பையன்கள் விசில் அடிப்பார்கள். யார் கண் பட்டதோ, ஒரு வருஷம் மூடி அப்படியே இருக்க, கடவாய்ப் பல் உடைந்தது. பக்கத்துப் பல்லிலும் விரிசல். திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போய் இரண்டுக்கும் மேலே கேப் என்கிற உறை போட்டுக்கொண்டு வந்தார். அன்று பிடித்தது சனி.

"கணக்கு சார், பல்லு உசரமா கீது. வாய மூடினா மொதல்ல அதான் இடிக்குது. மத்த பல்லெல்லாம் சும்மா வேடிக்க பாத்துக்கினு கீது."

"பழகிடும் சார்" என்றேன்.

"டாக்டரும் இத்தயேதான் சொல்றாரு. ‘அலவாட்டு அயிபோதுந்தி’யாம். செருப்பு கடிச்சா பழகும். பல்லே கடிச்சா எப்டி சார் பழகும்?"

பழகவில்லை. கேப்பைச் சுற்றி ஈறு வீங்கியது. வீங்கிய இடத்தில் நாரும் கீரையும் போய் உட்கார்ந்துகொண்டன. சனிக்கிழமை தவறாமல் திருப்பதி பஸ் ஏறினார். டாக்டர் ஒரு நீலத் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்து, "டக் டக் அனி கொரகண்டி" என்பார். இவர் கடிப்பார். நீலம் அழுத்தமாகப் பட்ட இடத்தை டாக்டர் ராவிவிடுவார். முன் கேப்பை ராவினால் பின் கேப் இடித்தது. பின் கேப்பை ராவினால் முன் கேப் பழிவாங்கியது. ஒரு நாள் இரண்டையுமே அதிகமாக ராவிவிட, எதுவுமே எதையும் தொடவில்லை. கட்டிங் சார் விடைத்தாள் ஓரத்தைக் கிழித்து, ஆடுகிற பெஞ்சுக்கு வைப்பதுபோல மடித்துப் பல்லின் மேல் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ‘ரைட் டர்ன்’ என்று கத்தும்போது விழுங்கிவிட்டார்.

பிறகு டாக்டரிடம் கெஞ்சி அந்த நீலத் தாளில் ஒரு கட்டு வாங்கி வந்தார். ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராகக் கடிக்க வைத்து, டார்ச் அடித்து எங்கள் வாய்க்குள் பார்த்தார். "ஆஹா, இன்னா பொருத்தம்! பத்து பொருத்தம் பாத்து கட்டிக்கினவங்களுக்கே இப்டி அமையாது சார்!" என்று பெருமூச்சு விட்டார். ஹெட்மாஸ்டர் தெலுங்குக்காரர், சிரிக்கவே மாட்டார். அவரையும் கடிக்க வைத்துவிட்டார். அன்று பார்த்து மண்டலக் கல்வி அதிகாரி வந்தார். நீல உதட்டோடு கைகுவித்து நின்ற ஹெட்மாஸ்டரை அவர் மேலும் கீழும் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் பக்கம் எலும்பு உடைந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வது வழக்கம். பல்லும் எலும்புதானே என்று இவர் கிளம்பிவிட்டார். பல்லுக்கெல்லாம் கட்டு கிடையாது என்றார்களாம். "வண்டியிலேர்ந்து வுழுந்துட்டேன், தாட எறங்கிப்போச்சு" என்று புளுகி, பச்சிலை பூசி, தாடையிலிருந்து உச்சந்தலைவரை கட்டிக்கொண்டு வந்தார். வாயைத் திறக்க முடியாது. மூடிய வாயில் இடிக்கிற பல் ராப்பகலாக இடித்துக்கொண்டே இருந்தது. வலி தாங்காமல் அலறவும் வழியில்லை. கட்டை அவிழ்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையை, நான் பத்தி எழுதுகிற இந்த மாதிரி வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

நாங்கள் சிரித்தோம். ஆனால் சாப்பாட்டு வேளையில் சிரிப்பு வராது. ஆட்டு நல்லியைக் கடித்து உறிஞ்சிய மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கேழ்வரகுக் களியை உருட்டி உருட்டி விழுங்குவார். களியைக் கடிக்க வேண்டியதில்லையே. ஒரு நாள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "சோத்தப் பாத்தா பயமா கீது சார். வூட்டுல அவ ஆசையா ஆக்கி வெக்கிறா. துன்ன முடியல. காலையில கண்ண தொறக்கறதுக்கு முன்ன நாக்கு அங்க போய் தடவிப் பாக்குது. இனிமே இப்டித்தான் போல."

அதற்குப் பிறகுதான் அந்த வேண்டுதல். கடி பொருந்துகிறவரை தலையில் கத்தி படாது. பொருந்திய அன்று நடந்தே மலை ஏறி மொத்தத்தையும் காணிக்கை கொடுப்பது.

முடி வளர்ந்தது. தாடியும் சேர்ந்தது. பரட்டைத் தலையோடு நிற்கிறவர் யாரைப் பார்த்து முடி வெட்டச் சொல்ல முடியும்? அவர் முடி வளர வளரப் பள்ளிக்கூடமே வளர்த்தது. எதிர்க்கடை சலூன்காரர் ஹெட்மாஸ்டரிடம் வந்து பிழைப்பு போச்சென்று அழுதார். "ஏமண்டி, இதி ஸ்கூலா, ஆஸ்ரமமா?" என்று ஹெட்மாஸ்டர் கத்தினார். திருப்பதி பஸ்ஸில் ஒரு பெண், கைக்குழந்தையோடு வந்து இவர் காலில் விழுந்தாளாம். "சாமி, கொழந்தைக்குப் பல்லு மொளைக்குது, ராவெல்லாம் அழுதுக்கினே கீது. மந்திரிச்சு வுடுங்க."

"நானும் அதுக்குத்தாம்மா அழுதுக்கினு கீறேன்" என்றாராம் கட்டிங் சார்.

பள்ளியில் யாரும் அவரிடம் பல் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முடி தோளுக்கு வந்தது. ஈறு அப்படியேதான் இருந்தது.

போன மழைக்காலம் எனக்கு டெங்கு வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. பார்க்க வந்த கட்டிங் சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஈறு எங்கே வீங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் மென்றால் எங்கே குத்துகிறது என்று விலாவாரியாகச் சொன்னார். பேஷன்ட் யார் என்று நர்ஸ் கேட்டாள். நான் சாகக் கிடக்கிறேன், இந்த ஆள் ஈறு ஈறு என்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வராண்டாவில் நின்ற என் மனைவியோடு ஏதோ பேசியவர், என்னிடம் சொல்லாமலேயே போய்விட்டார்.

பிழைத்துத் தேறிப் பள்ளிக்குப் போன அன்று, கேட்டருகே ஒரு மொட்டைத் தலை வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், பொருந்திடுச்சா!" என்று ஓடிப்போய், பையில் இருந்த தட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கடித்தார். முகம் கோணியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"உயிரே போவுது சார்."

"அப்போ மொட்டை?"

அவர் தரையைப் பார்த்தார். "வராண்டாவுல உங்க வூட்டம்மா அழுதுக்கினு நின்னாங்க. ரத்தம் கொறஞ்சிக்கினே போவுதுன்னாங்க. சாமிக்குக் குடுக்க எங்கிட்ட வேற இன்னா கீது? பல்லுக்குன்னு வளத்தது இருந்துச்சு. மொதல்ல இவர பாருன்னு சொல்லி, அத்த உங்க பேர்ல குடுத்துட்டேன்."

"உங்க பல்லு?"

"அத்து எங்க போவப்போவுது? முடி திரும்பவும் மொளைக்கும். வுடுங்க சார்."

அவரைத் தூக்கி நிறுத்துகிற சாக்கில் கட்டிக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தில் வருகிற என் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘முன்னால் வழுக்கை, பின்னால் சடை, என்ன கோலம் சார் இது?’ என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். இருக்கிற கொஞ்ச முடியை நான் இப்போது வெட்டுவதில்லை. கட்டிங் சாருக்குக் கடி பொருந்துகிற அன்று, அதை மலையில் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.