காகிதக் கூழும் சுமதி அண்ணியும்

வீட்டை ஒழிக்க உட்காருகிறவள் கையில் செல்போன் இருக்கக் கூடாது. காலி பாட்டிலை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று ஒரே ஒரு வீடியோ பார்த்துவிட்டால் போதும், அந்தப் பாட்டில் ஜென்மத்துக்கும் வீட்டை விட்டுப் போகாது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். என்னால் பட்டவர் என் கணவர்.

என் மாமியார் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்துபோனது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் முடிந்து, இடையஞ்சாவடியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த மகள்தான் என் நாத்தனார் சுமதி அண்ணி. நடக்கத் தொடங்கியதும் அத்தை மரக்காணத்துக்கு, எங்களிடமே வந்துவிடுவதாகப் பேச்சு. ஆனால் இனி அவர் மாடிப்படி ஏறக் கூடாது. வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும். அதனால் கீழே பாத்ரூமை ஒட்டிய அறையை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

அந்த அறையில் வாக்கர் என்ன, பூனைகூட யோசித்துத்தான் கால் வைக்கும். சுழலாத ஃபேன், கடல் காற்றில் துருப்பிடித்து மூடியே திறக்காத டிரங்குப் பெட்டி, கூரையைத் தொடும் செய்தித்தாள் கட்டுகள், பழைய புடவைகள் திணித்த உப்புச் சாக்குகள். (என் கணவர் சேகர் உப்பளத்தில் மேஸ்திரி. மற்ற வீடுகளில் பீரோ இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் சாக்கு இருக்கும்.)

"ஒரே நாள்ல முடியாதுங்க. தினம் ஒரு மூலையா எடுத்துடறேன்" என்றேன் கணவரிடம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை முதல் மூலையில் காலி பாட்டில்களாக நின்றுகொண்டிருந்தது. போனில் ஒரு பெண் அதே மாதிரி பாட்டிலில் மயில் வரைந்துகொண்டிருந்தாள். நானும் பெயின்ட் வாங்கி வந்து வரைந்தேன். என் மயிலைப் பார்த்த கணவர், "கோழி நல்லா இருக்குது" என்றார்.

இரண்டாவது மூலையில் கம்பளி நூல் கிடைத்தது. அதற்காகக் குரோஷா ஊசி வாங்கினேன். நூல் போதாமல் இன்னும் நூல் வாங்கினேன். இப்படியே ஒழித்ததில், அறையிலிருந்து வெளியே போனது ஒரு கிழிந்த முறம் மட்டும். உள்ளே வந்தது இரண்டு பை நிறையச் சாமான்.

அண்ணி போன் செய்து, "ரூம் ஆயிட்டுதா கனகா?" என்று கேட்கும்போதெல்லாம், "பாதிக்கு மேல ஆச்சு அண்ணி" என்பேன். (எதில் பாதி என்று அவர் கேட்கவில்லை.) அண்ணிக்கு நான் எப்போதும் பயந்தவள். அவர் சமையலறைக்குள் வந்தால் உப்பு டப்பா எங்கே என்பதே எனக்கு மறந்துவிடும்.

கடைசியில் செய்தித்தாள் கட்டுக்கு வந்தேன். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். ஆனால் காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்தால் அழகழகாகக் கூடை செய்யலாமாம். ஊறவைத்தேன். எங்கள் கிரைண்டரிலேயே அரைத்தேன். சாம்பல் நிறத்தில், வெந்தய வாசனையோடு, மெத்தென்று வந்தது கூழ். வெளியே வைத்தால் புளித்து நாறும் என்று அதை ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். பின்னாலேயே ஒரு டப்பாவில் தோசை மாவும் இருந்தது.

மறுநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் அண்ணியின் குரல். அறையைப் பார்க்கச் சொல்லாமல் வந்திருக்கிறார். உப்பளத்திலிருந்து கணவரும் அப்போதுதான் பசியோடு வந்திருந்தார்.

"நீ நிதானமா குளி கனகா. தம்பிக்கு நான் தோசை ஊத்தறேன்" என்றார் அண்ணி.

எனக்குத் தூக்கு ஞாபகமே வரவில்லை. அறைக் கதவைப் பூட்டினேனா இல்லையா என்பதே கவலை. அவசரமாகப் புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், பேப்பர் தீய்ந்த வாடை. அடுப்பில் அண்ணி தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா மாவு இது? கல்லைவிட்டு எழும்பவே மாட்டேங்குது. முதல் தோசையைச் சுரண்டி எடுத்துத்தான் அவனுக்குப் போட்டேன்."

கணவர் தட்டைப் பார்த்தேன். ஒரு தோசை முழுக்க உள்ளே போயிருந்தது. இரண்டாவதில் பாதி கையில் இருந்தது. அதன் ஓரத்தில், சரியாக அரைபடாத ஒரு துண்டில், 'தள்ளுபடி' என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

"ஐயோ, துப்புங்க! அது பேப்பர்!"

"டேய் சேகரு, வாயில தெரியலையாடா உனக்கு?" என்று அலறினார் அண்ணி.

என் கணவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "ஏதோ சிறுதானியம்னு நெனச்சேன்க்கா. நல்லா இல்லைன்னு சொன்னா இவ மனசு கஷ்டப்படுவா."

நான் அழுதே விட்டேன். அச்சு மை வயிற்றுக்குள் போய் என்ன செய்யுமோ என்று பயம். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என்ன சாப்பிட்டார் என்று கேட்ட நர்ஸ், பதிலைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வலித்தால் வரச் சொன்னார். வலிக்கவில்லை. என் கணவர் நல்ல மனிதர்; சாயங்காலமே பசிக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நேராக அந்த அறைக் கதவைத் திறந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கோழியாகிப்போன மயில், பாதியில் நின்ற குரோஷா, செய்தித்தாள் மலை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு உப்புச் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பேப்பரையெல்லாம் என் தம்பி தின்னே தீர்த்துடுவான்னு இருந்தியா?"

வீட்டுக்குப் போன் செய்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி தன் கணவரிடம் சொல்லிவிட்டு, அண்ணி எங்களோடு தங்கினார். என் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு மூலை முடியாமல் அடுத்த மூலை கிடையாது. நான் எதையாவது எடுத்து, "அண்ணி, இதுல ஒரு..." என்று ஆரம்பித்தாலே, "வேணாம்" என்பார். பழைய புடவைகள் வந்தபோது மட்டும் நிறுத்தினார். "அம்மா நாற்காலியில ரொம்ப நேரம் உக்காரணும். மெத்தையா ஒண்ணு தெச்சுக் குடு." நான் ஆரம்பித்து முழுதாக முடித்த ஒரே கைவேலை அந்தத் திண்டுதான்.

அத்தை வந்தார். வாக்கர் தட்டாமல் அறையை ஒரு முறை சுற்றி வந்தார். திண்டின் மேல் உட்கார்ந்து, "இவ்வளவையும் யாரு எடுத்தது?" என்றார்.

"கனகாதாம்மா. தனியாவே எடுத்துட்டா" என்றார் அண்ணி, முகம் மாறாமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கையை அழுத்தினார். அன்று அந்தக் கை மேல் எனக்கு வந்த நன்றி இன்னும் குறையவில்லை. அதற்குப் பிறகு நான் அவருக்குப் பயந்ததும் இல்லை.

ஆனால் தோசைக் கதையை அவர் விட்டுவைக்கவில்லை. இரும்பையிலிருந்து பெரிய முதலியார்சாவடி வரை எங்கள் உறவில் அதைக் கேட்காத வீடு கிடையாது. இன்றைக்கும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால், கீழ் அறையிலிருந்து அத்தையின் குரல் வரும்:

"கனகா, இது அரைச்ச மாவா, அச்சடிச்ச மாவா?"