ஏழு பதினைந்தானது எப்படி என்பது பற்றி

மட்டாஞ்சேரி, கொச்சங்காடி
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய டாக்டர் சீதாலக்ஷ்மி மேடம் அவர்களுக்கு,

தங்கள் மாணவி நௌரினின் தாய்மாமன் மைதீன் பிச்சை பணிவுடன் எழுதிக்கொள்வது. திருப்பூணித்துறையில் தாங்களும் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று நௌரின் ஒருமுறை சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். விஷயம் சிதறிப்போகாமலிருக்க, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நௌரின் அந்த மதிப்பெண்களைக் கற்பனையாக எழுதவில்லை.
2. சொற்பட்டியலை அவள் யாரிடமும் காட்டவில்லை.
3. நடந்ததற்குக் காரணம் என் தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை.
4. ஒரு வேண்டுகோள்.

எனக்கு எழுபத்துநான்கு வயது. மிளகுக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் தரம் பார்த்தவன். கிளினிக்கல் சைக்காலஜி படிப்பதற்காக என் தங்கை ரஹீனா பாலக்காட்டிலிருந்து மகளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நௌரின் வந்து, "மாமா, எனக்கு டெஸ்ட் எடுத்துப் பழகணும். வயசான ஆள் ஒருத்தர் வேணும். இது பரீட்சை இல்ல, பாஸ் பெயில் ஒண்ணும் கிடையாது" என்றாள். நான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவள் பதினைந்து சொற்களை நிதானமாக வாசித்தாள். ஞாபகம் இருப்பதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து முறை, அரைமணி கழித்து இன்னொரு முறை. நான் ஒவ்வொரு சொல்லுக்கும் "சரியா மோளே?" என்று கேட்டேன். அவள் "நான் சொல்லக்கூடாது மாமா" என்றாள். "தப்புன்னா தப்புன்னாவது சொல்லேன்." "அதுவும் சொல்லக்கூடாது." அடுக்களையிலிருந்து என் மனைவி பீவி, "யாராவது சரின்னு சொல்லாம அவரு அடுப்புலருந்து சாயாகூட இறக்க மாட்டாரு, நீ சொல்லிடு புள்ள" என்றாள். நௌரின் சொல்லவில்லை. நீங்கள் அவளை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறீர்கள். முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. ஐந்தாம் முறை முடிவில் நான் சொன்னவை ஏழு. எழுதிக்கொண்டாள், தாளைப் பையில் வைத்துப் பூட்டினாள், ஒரு மாதம் கழித்து இதே டெஸ்டை மறுபடி எடுப்பேன் என்றாள்.

அப்படியானால் பட்டியல் எப்படி வெளியே வந்தது என்று கேட்பீர்கள். மேடம், நௌரின் சொற்களை ஐந்து முறை வாசித்தாள் அல்லவா? அந்த நேரமெல்லாம் பீவி அடுக்களையில் மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்குச் சோறு போடும்போது, "குடை, ஆடு, ஜன்னல், சோப்பு, தேங்கா... இதுகூடவா நிக்காது?" என்று பதினைந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினாள். அமைதியான இடத்தில்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நௌரின் கதவைச் சாத்தப் பார்த்தாள். மழையில் உப்பிப்போன கதவு, சாத்தவே முடியாது. தச்சரைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்து கூப்பிடாமல் விட்டது. அது என் குற்றம், அதை அவள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

இனி மூன்றாவது. மிளகுச் சாக்கில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்கும்போது ஒரு இடத்தில் குத்தி முடிவு சொல்லக்கூடாது. மேல், நடு, அடி என்று மூன்று இடம். கை அப்படியே பழகிவிட்டது. என் விஷயத்தில் மட்டும் ஒரே குத்தில் ஏழு என்று எழுதிப் பூட்டினால் அது சரியான தரம் ஆகுமா? ஆகவே பீவி சொல்லச் சொல்லப் பட்டியலைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, நௌரின் காலேஜ் போனதும் தினமும் மூன்று வேளை என்னை நானே மாதிரி எடுத்தேன். பீவிதான் பரிசோதகர். நீங்கள் நௌரினுக்குக் கொடுத்த பழக்கம் எதுவும் அவளுக்கு இல்லை. நான் யோசித்தால் போதும், "மே மேன்னு கத்துமே, என்னங்க அது?" என்பாள். ஒருநாள் வாசலில் மீன் கொண்டுவந்த சுதீர் சேட்டன் பொறுமை போய், "சோப்பு, இக்கா, சோப்பு!" என்று கத்திவிட்டார். அவருக்கும் மனப்பாடமாகிவிட்டது. கொச்சங்காடியில் இந்தப் பட்டியலை இனி யாருக்கும் பயன்படுத்த முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

போன ஞாயிறு நௌரின் மறுபடி உட்கார்ந்தாள். "குடை" என்றாள். நான் "ஆடு" என்றேன். "மாமா, நான் வாசிச்சு முடிக்கட்டும்." முடித்ததும் பதினைந்தையும் வரிசை தப்பாமல் சொன்னேன். பேச்சு நிற்கவில்லை மேடம், கடைசியிலிருந்து முதலுக்கும் சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "மாமா, இத எங்கயாவது படிச்சீங்களா?" எழுபத்துநான்கு வயதில், இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "இல்லையே" என்றேன். அவள் என்னை நம்பி அப்படியே எழுதிக்கொண்டாள். அதைத்தான் நீங்கள் பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துல ஏழு பதினஞ்சா? வீட்டுல உக்காந்து நீயே எழுதினதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நோயாளிகளைப் பார்க்க அவளை அனுமதிப்பதா என்று திங்கட்கிழமை சொல்வதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். புதன்கிழமையிலிருந்து அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம் இன்னொரு தடவை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலாவது தேவலை.

ஆகவே வேண்டுகோள்: என்னைத் தள்ளிவிட்டு அவளுக்கு வேறொரு கிழவரைக் கொடுங்கள். பக்கத்துத் தெரு செல்லதுரை இருக்கிறார். தனியாக வசிக்கிறார், அவர் வீட்டில் ஒட்டுக்கேட்க ஆள் கிடையாது. நானே பேசிச் சம்மதிக்க வைக்கிறேன். பொய் சொன்னவன் நான். மாணவியைத் தண்டிக்க வேண்டாம்.

தங்களிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் நல்ல நிலைக்கு வர அல்லாஹ் துணையிருக்கட்டும். பீவியும் தங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மைதீன் பிச்சை

பின்குறிப்பு: உறையில் போடும் முன் பீவிக்கு இதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மூணு இடம் குத்துவீங்க, சரி. தேறாத சாக்கத் தேறுற வரைக்கும் ஒரு மாசம் குத்துனதுண்டா?" என்றாள். இல்லை. ஒருநாளும் இல்லை. தேறாத சாக்கில் அடையாளம் போட்டு ஓரமாக வைத்துவிடுவோம், அவ்வளவுதான். ஆகவே என் மூன்றாவது குறிப்பு தவறு. பழக்கமல்ல, பயம். என் அண்ணன் கடைசி இரண்டு வருஷம் தன் சொந்த வீட்டு வாசலில் நின்று, இது யார் வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் முதலில் சின்னச் சின்னச் சொற்கள்தான் போயின. நௌரின் முதல்நாள் எழுதிய ஏழுதான் என் நிஜமான எண். அவள் சரியாகத்தான் அளந்திருக்கிறாள், அந்த எண்ணை அடித்துவிட வேண்டாம். என் வயதுக்கு ஏழு என்பது என்ன என்று அவளிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தாங்கள் சொல்லலாம் என்றால் சொல்லுங்கள். சொல்லக்கூடாது என்றால், சொல்லக்கூடாது என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.