ஆணி அடிக்கலாம்

புதுச்சேரியில் ஹவுஸ் ஓனர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் தான் வாடகை வீட்டில் இருந்துகொண்டே இன்னொரு வீட்டுக்கு ஓனராகி, இரண்டு பக்கமும் ஜெயித்த ஒரே மனிதர் ஆணியார்தான். இதைக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு முன்னால் நின்று வேண்டுமானாலும் சத்தம் போட்டுச் சொல்வேன்.

ஆணியார் என்றதும் அறுபத்து மூவர் பட்டியலில் போய்த் தேடாதீர்கள். அவர் சேதராப்பட்டில் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். குருசுக்குப்பத்தில் ஒரே காம்பவுண்டில் கீழே அவர், மாடியில் நான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் ஆணி வைத்திருப்பார். ஒரே ஒரு ஆணி, துருப்பிடிக்காமல் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தது. அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் பையில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் குடியிருந்த எல்லா வீடுகளிலும் ஓனர்கள் சொன்ன முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். அதனால் அவருடைய அப்பாவின் போட்டோ எந்தச் சுவரிலும் ஏறியதே இல்லை. ஹாலில் இருந்த ஒரே நாற்காலியில் அப்பாதான் மாலையோடு உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் எல்லாரும் தரையில். நான் ஒருமுறை விவரம் தெரியாமல் போட்டோவை நகர்த்தப் போய்விட்டேன்.

"சார், ஆளு இருக்குது" என்றார் ஆணியார், பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவர் மாதிரி.

எங்கள் ஓனர் அம்மாவைத் தெருவே 'மதாம்' என்றுதான் கூப்பிடும். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துக் காலமானவர். மாதம் பிறந்ததும் வாடகை வாங்க வருகிற மதாம், முதலில் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. அந்த நேரம் பார்த்து ஆணியார் ஆரம்பிப்பார்.

"மதாம், ஒரே ஒரு ஆணி."

"நோன், முசே." பிரெஞ்சில் 'முடியாது, ஐயா' என்று அர்த்தம்.

"சின்ன ஆணிதான் மதாம்."

"பெரிய நோன், முசே."

இப்படி ஒரு பெரிய நோன் வாங்கிய நாளில்தான் அவர் விறுவிறுவென்று மாடியேறி வந்தார்.

"சார், முடிவு பண்ணிட்டேன். ஒரு பழைய வீட்ட வாங்கி வாடகைக்கு உடப் போறேன். குடி வர்றவங்க இஷ்டத்துக்கு ஆணி அடிச்சுக்கலாம்."

"நீங்களே அதில் குடி போய்விடலாமே?"

"நான் போய்ட்டா வாடகைய யாரு குடுக்கிறது? லோன வாடகையிலதான சார் கட்டணும்!"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தொழில் பழக வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னையும் இழுத்துக்கொண்டு, உழவர்கரைப் பக்கம் டூ-லெட் போர்டு தொங்குகிற வீடுகளையெல்லாம் குடி வரப்போகிறவர் மாதிரி பார்க்கக் கிளம்பிவிட்டார். ஒரு வீட்டில் சமையலறைத் தரையில் நீட்டிப் படுத்து, காற்று வருகிறதா என்று பார்த்தார். இன்னொரு வீட்டில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "சார், நீங்க வெளிய நின்னு ரகசியம் பேசுங்க, கேக்குதா பாக்கறேன்" என்றார். ரகசியம் எதுவும் தோன்றாமல் நான் தக்காளி விலையைச் சொன்னேன். அது எதிர் வீட்டு அம்மாவுக்குக் கேட்டு, அவர் வந்து மார்க்கெட்டில் அதைவிட மலிவு என்றார். ஆணியார் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அந்த வீட்டு ஓனரிடம், "கதவ மாத்துங்க" என்று ஆலோசனை சொன்னார். அந்தத் தெருவில் நாங்கள் அப்புறம் கால் வைக்கவில்லை.

கடைசியில் முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் பழைய ஓட்டு வீடு அமைந்தது. அவர் மனைவி கோமதி அக்கா தன் நகைகளை அடகு வைக்கக் கழற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். ஓனரே ஆகிவிட்டாலும் நிபந்தனை அவரை விடுமா?

"எப்ப ஆளு வரும்?"

"போர்டு மாட்டினா மறுநாளே வரும்."

"ஆடி பொறந்துடுச்சு. ஆடியில எவனாவது வீடு மாறுவானா? வீடு ஒழுகினாலும் கொடை புடிச்சுக்குனு உக்காந்திருப்பான். சரி, ஆவணி பொறந்து மொத வாரத்துக்குள்ள பால் காய்ச்ச ஆளு வரணும். வரலைன்னா வித்துட்டு என் நகைய மூட்டுக் குடுத்துடணும்."

ஆடியில் டூ-லெட் போர்டு மாட்டப் போன ஒரே மனிதர் என்ற பெருமையும் இப்படித்தான் அவருக்கு வந்தது. போர்டில் பெரிய எழுத்தில் 'வீடு வாடகைக்கு', அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் 'ஆணி அடிக்கலாம்'. அதை மாட்டுவதற்கே ஒரு விழா எடுத்தார். நானும் கோமதி அக்காவும் போனோம். மதாமையும் வரவழைத்திருந்தார், பார்த்து வயிறு எரியட்டும் என்று. கற்பூரம் ஏற்றி, சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாசல் சுவரில் வைத்து ஓங்கி ஒரு அடி.

சுவர் ஒரு விநாடி யோசித்தது. பிறகு ஜன்னலிலிருந்து நிலைப்படி வரை மொத்தச் சுண்ணாம்புப் பூச்சும் பொலபொலவென்று கொட்டியது. புழுதி அடங்கியபோது சுவரில் செங்கல் இருந்தது, ஆணியாரின் கையில் ஆணி இருந்தது. மதாம் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார்.

"இதுக்குத்தான் முசே, நோன்" என்றார்.

ஆணியார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கோமதி அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "வுடுங்க. போர்டுல அந்த ஒரு வரிய அழிச்சுட்டாப் போச்சு" என்றார்.

"அத அழிச்சுட்டா நானும் பத்தோட பதினொண்ணா ஒரு ஓனரு. அதுக்கா உன் நகைய வாங்கினேன்?" என்றார் ஆணியார். சிரிக்கத் தயாராக இருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவரைக் கவிழ்த்த ஆடியே அவரைத் தூக்கியும் விட்டது. குடி வர யாரும் இல்லாததால் வேலை பார்க்க மாதம் முழுக்க இருந்தது. அந்த மாதம் வேலை இல்லாமல் இருந்த கொத்தனார் கூப்பிட்ட அன்றே வந்தார். பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள். ஆனால் மறுபடி ஆணி அடித்தால்? அதற்கும் வழி பிறந்தது. மதாமின் வீட்டு ஹாலை ஆணியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, அவர் கணவரின் போட்டோ சுவரில் இல்லை, சுவரோடு பதித்த ஒரு மரச்சட்டத்தில் தொங்கியது. மறுநாளே முத்தியால்பேட்டை வீட்டு ஹாலைச் சுற்றி நாலு பக்கமும் மரச்சட்டம் ஏறியது, வாசல் ஜன்னல் கம்பியில் போர்டும் ஏறியது. "ஆணி மரத்துல எறங்கும், செவுத்துக்கு நோவாது" என்று ஆணியார் என் முதுகில் தட்டினார். வலித்தது.

ஆவணி பிறந்தது. சந்து நிறைய ஆட்கள்! போர்டைப் பார்த்து ஆணியாரைப் போலவே மனம் நொந்தவர்கள் புதுச்சேரியில் எங்கெங்கோ இருந்து கிளம்பி வந்திருந்தார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். ஒரு தம்பதி தங்கள் கல்யாண போட்டோவை, அது வருடக்கணக்காகக் கட்டிலுக்கு அடியில் கிடந்ததைச் சொல்லிக் கண் கலங்கினார்கள். எல்லாரிடமும் ஆணியார் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"இன்னா மாட்டப் போறீங்க?"

கடைசியாக நின்றவர் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு பெண்மணி. நிறைமாத மகள் பக்கத்தில் நின்றாள்.

"தூளி மாட்டணும்ண்ணா" என்றார். "மீன் விக்கிறவன்னா பாதிப் பேரு வாசல்லயே போகச் சொல்லிடறாங்க. மீதிப் பேரு கொக்கி போடக் கூடாதுங்கறாங்க. கொழந்தைய எங்கண்ணா போடறது?"

ஆணியார் மேலே பார்த்தார். உத்தரத்தில் பழைய இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஸ்டூலில் ஏறினார்.

"ஏங்க, வேணாம்!" என்று கோமதி அக்கா கத்தினார். சுவர் கொட்டிய கதை தெரிந்த நாங்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். முதல் ஆளாக ஓடியது நான்தான்.

ஆணியார் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டூலை உதைத்துத் தள்ளினார். தொங்கினார். ஆடினார். தொப்பையும் ஆடியது. ஒரு தூசிகூட விழவில்லை.

"நிக்குது சார்! நிக்குது!" என்று தொங்கியபடியே கூவினார். சந்து முழுக்கக் கைதட்டல். வேடிக்கை பார்க்க வந்திருந்த மதாம் எங்களுக்கெல்லாம் முன்னால் நின்று, "பிராவோ, முசே!" என்றார். ஸ்டூலைத் தள்ளிவிட்டதால் இறங்க வழியில்லாமல் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கியது தனிக் கதை.

கோமதி அக்கா கொடுத்த கெடுவுக்குள்ளேயே அந்த வீட்டில் பால் பொங்கியது. மீன்கார அம்மா முதல் டம்ளரைக் கோமதி அக்காவிடம் நீட்டினார். அக்கா குடித்துவிட்டு, "நகைய மெதுவா மூட்டுக்கலாம்" என்றார்.

அன்று மாலை மதாம் எங்கள் காம்பவுண்டுக்கு வந்தார். "முசே, நீங்களும் ஓனர் ஆயிட்டீங்க. ஒரே ஒரு ஆணி அடிச்சுக்குங்க."

"ஐயோ, வேணாம் மதாம்!" என்று பதறிவிட்டார் ஆணியார். "செவுரு போனா ஓனருக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பி, துணியில் சுற்றி, முத்தியால்பேட்டைக்கு எடுத்துப் போனார். "ஒரு எடம் கெடைக்குமாம்மா?" என்று தன் சொந்த வீட்டில் வாடகைக்காரரிடம் கை கட்டி நின்று கேட்டார்.

"தூளிக்கு நேரா மாட்டுங்கண்ணா. நான் மார்க்கெட்டுக்குப் போற நேரம் பொறக்கப் போற கொழந்தைய அவரு பாத்துக்கட்டும்."

சட்டைப் பையில் இருந்த ஆணி மரச்சட்டத்தில் இறங்கியது.

இப்போது ஆணியாரின் சட்டைப் பையில் பேனா இருக்கிறது. ஹாலில் நாற்காலி காலியாக இருக்கிறது, நான்தான் உட்காருகிறேன். மாதம் பிறந்ததும் வாடகை வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார். தூளியை ஆட்டிவிட்டு, அப்பாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, வாங்க வேண்டியதை மறந்துவிட்டு வெறுங்கையோடு வருவார். கோமதி அக்கா தலையில் அடித்துக்கொண்டு திரும்ப அனுப்புவார். எனக்கு அடுத்த ஜென்மத்திலும் வாடகை வீடுதான் என்று எழுதியிருந்தால், அது இந்த மனிதரின் வீடாக இருக்கட்டும்.